மூன்று எட்டுகள், 3,930 சிப்கள்: ஆழமான ஸ்டாக்கில் ஒரு கையின் ஆய்வு

நோ லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் போட்டி, முதல் நிலை. பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன் இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகை) 100/200, பெரியதைக் கட்டும் பிக் பிளைண்ட் கூடுதலாகக் கட்டும் ஆன்டி 200. கடைசியில் ஆடும் பட்டன் இருக்கைக்கு முந்தைய கட்-ஆஃப் இருக்கையில் இருப்பவரை நம்மவர் என்று வைத்துக்கொள்வோம். அவரது ஸ்டாக் (கைவசமுள்ள சிப்கள்) 40,000, அதாவது 200 பிக் பிளைண்ட். பிக் பிளைண்டில் இருக்கும் எதிராளியிடம் 46,000. நம்மவர் கையில் ஸ்பேடு எட்டும் டைமண்ட் எட்டும். 500-க்கு உயர்த்துகிறார், எதிராளி மட்டும் கால் செய்கிறார் (அதே தொகைக்கு ஈடாகப் போடுகிறார்). நடுவில் சேர்ந்த தொகை, அதாவது பாட், 1,300.

ஃபிளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டுகளில்) ஹார்ட் ராஜா, கிளாவர் எட்டு, ஹார்ட் ஐந்து. எதிராளி செக் செய்ய (பந்தயம் வைக்காமல் விட), நம்மவர் 430 வைக்கிறார், கால். பாட் 2,160. நான்காவது பொதுச் சீட்டான டர்னில் ஸ்பேடு இரண்டு விழுகிறது, இருவரும் செக். ஐந்தாவதும் கடைசியுமான ரிவரில் டைமண்ட் ராணி. எதிராளி 1,000 வைக்கிறார். நம்மவர் 3,000-க்கு உயர்த்துகிறார். எதிராளி சற்று யோசித்துக் கால் செய்துவிட்டு, ஸ்பேடு ராஜாவையும் ஸ்பேடு ராணியையும் திருப்பிக் காட்டுகிறார். ராஜா, ராணி என்று இரண்டு ஜோடி. மூன்று எட்டுகளுக்கே வெற்றி.

இது மேசைகளில் அடிக்கடி வரும் வகைக் கை. கணக்குப் பார்க்க வசதியாகத் தொகைகளை அமைத்துக்கொண்டிருக்கிறேன். எதிராளியிடமிருந்து நம்மவருக்கு வந்தது 500, 430, 3,000 என மொத்தம் 3,930. வந்திருக்கக்கூடியது 40,000. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் இந்தக் கையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தோற்ற கையை எண்ணி இரவு முழுக்கப் புலம்புகிறவர்கள்கூட, வென்ற கையில் எவ்வளவு விட்டுவைத்தோம் என்று கேட்பதில்லை. கையில் ஜோடி வைத்திருப்பவருக்கு ஃபிளாப்பில் செட் (அதே எண்ணில் மூன்றாவது சீட்டு) அமையும் வாய்ப்பு 11.8 சதவீதம், அதாவது எட்டரை முறைக்கு ஒருமுறை. அப்படி அமையும்போதும் எதிரில் ஒரு நல்ல கை இருக்க வேண்டும். இங்கே இரண்டும் கூடி வந்திருந்தன.

430 எங்கிருந்து வந்தது

பாட்டில் மூன்றில் ஒரு பங்கு என்ற இந்த அளவு, 40 பிக் பிளைண்ட் ஆழத்தில் ஆடிப் பழகிய கையிலிருந்து வருகிறது. அந்த ஆழத்தில் அது நல்ல பழக்கம். கணக்கு போட்டுப் பார்க்கலாம். இருவரிடமும் 40 பிக் பிளைண்ட், இதே 2.5 மடங்கு உயர்த்தல், இதே கால் என்றால் பாட் 6.5, மீதி ஸ்டாக் 37.5. ஃபிளாப்பில் மூன்றில் ஒரு பங்கு வைத்து, எதிராளி கால் செய்தால் பாட் 10.8 ஆகும், மீதி 35 சொச்சம். டர்னிலும் ரிவரிலும் பாட்டில் 87 சதவீதம் வைத்தால் மொத்த ஸ்டாக்கும் நடுவில் போய்ச் சேர்ந்துவிடும். யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றாது.

இதையே 200 பிக் பிளைண்டில் செய்தால், 430 கால் ஆன பிறகு பாட் 2,160, மீதி 39,070. எஞ்சிய இரண்டு சுற்றுகளில் மொத்தமும் உள்ளே போக வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றிலும் பாட்டைப் போல இரண்டரை மடங்குக்கும் சற்று அதிகமாக வைக்க வேண்டும். முதல் சுற்றில் செய்த தவறைப் பின்னால் ஈடுகட்டும் வழி ஆழமற்ற ஸ்டாக்கில் உண்டு. இங்கே அது ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது.

காரணம், பாட் கூட்டலில் வளர்வதில்லை, பெருக்கலில் வளர்கிறது. 1,300-இல் தொடங்கி மூன்று சுற்றிலும் அரை பாட் வைத்தால் எதிராளியிடமிருந்து கிடைப்பது 650, 1,300, 2,600; மொத்தம் 4,550. மூன்று சுற்றிலும் முழு பாட் வைத்தால் 1,300, 3,900, 11,700, மொத்தம் 16,900. ஒன்றரை பாட் என்றால் 1,950, 7,800, 31,200; மொத்தம் 40,950. பந்தய அளவை மும்மடங்கு ஆக்கினால் வரவு ஒன்பது மடங்கு ஆகிறது. ஃபிளாப்பில் வைக்கும் தொகை சின்னதுதானே என்று நினைப்பவர், அதுதான் அடுத்த இரண்டு தொகைகளையும் நிர்ணயிக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

சம விகிதத்தில் மூன்று சுற்றிலும் வைத்து ரிவரில் சரியாக ஸ்டாக் தீர வேண்டுமானால் என்ன விகிதம் தேவை? பாட்டோடு இருவரின் மீதி ஸ்டாக்கையும் கூட்டி, அதைப் பாட்டால் வகுத்து, கனமூலம் எடுத்து, ஒன்றைக் கழித்துப் பாதியாக்க வேண்டும். நம்மவர் கையில் இது 1.48, அதாவது 1,920, பிறகு 7,590, பிறகு 29,990. மேசையில் உட்கார்ந்து கனமூலம் எடுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு உயர்த்தலோடு ஃபிளாப்புக்கு வந்த பாட், 200 பிக் பிளைண்ட் என்றால் எங்காவது ஒரு சுற்றில் பாட்டைத் தாண்டி வைத்தாக வேண்டும், இல்லையேல் யாராவது ஒருவர் மறுபடி உயர்த்த வேண்டும் என்பது நினைவில் இருந்தால் போதும். ஃபிளாப்புக்கு முன்பே மறு உயர்த்தல் நடந்திருந்தால் நிலைமை வேறு. நம்மவரின் 500-ஐ இன்னொருவர் பட்டனிலிருந்து 1,600 ஆக்கி, நம்மவர் கால் செய்து இருவர் மட்டும் ஃபிளாப் பார்த்தால் பாட் 3,700, மீதி 38,400. சுற்றுக்கு 90 சதவீதம் வைத்தாலே ஸ்டாக் தீர்ந்துவிடும்.

பணம் கொடுக்கப் போகிறவர் யார்

அளவைத் தீர்மானிப்பதற்கு முன் எண்ண வேண்டியது எதிராளியின் சீட்டுகளை. நம் கை எவ்வளவு அழகாக இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் நுழைவதே இல்லை.

பலகையில், அதாவது பொதுச் சீட்டுகளில், ஒரு ராஜா. நம்மவர் கையில் ராஜா இல்லை. ஆகவே கட்டில் மூன்று ராஜாக்கள் மீதி. ராஜா-ராணி பன்னிரண்டு சேர்க்கைகள், ராஜா-ஜாக்கி பன்னிரண்டு, ராஜா-பத்து பன்னிரண்டு. இவை மட்டும் முப்பத்தாறு. ஒரே இனத்து ராஜா-ஒன்பது, ராஜா-ஏழு, ராஜா-ஆறு ஒவ்வொன்றிலும் மூன்று. இரண்டு ஜோடியாக நிற்கும் ஒரே இனத்து ராஜா-ஐந்து மூன்று. ஐந்துகளின் செட் மூன்று. இவற்றுக்கு மேல் ஹார்ட் இனத்துக்கு இன்னும் ஒரு சீட்டு வேண்டிக் காத்திருக்கும் கைகள் பதினைந்துக்கு மேல் தேறும்; நான்கோ ஒன்பதோ வந்தால் வரிசை முடியும் ஏழு-ஆறு சில. நம்மவரை இந்த நொடியில் வெல்லும் கை ராஜா ஜோடி ஒன்றுதான். அதை வைத்திருந்தால் எதிராளி ஃபிளாப்புக்கு முன்பே மறு உயர்த்தல் செய்திருப்பார்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நம்மவரிடம் எட்டுகளுக்குப் பதில் ராஜா ஜோடி இருந்திருந்தால் கை இன்னும் வலுவானது. ஆனால் வரவு குறையும். கட்டில் ஒரே ஒரு ராஜாதான் மிஞ்சும். முப்பத்தாறு சேர்க்கைகள் பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். பணம் கொடுக்க வேண்டியவர்களின் சீட்டைக் கையில் அடைத்து வைத்துக்கொண்டு அவர்கள் வரவில்லையே என்று ஏங்குவதில் பொருளில்லை. அங்கே சிறிய பந்தயமும், சில சமயம் செக்கும் நியாயமானவை. நடு செட்டுக்கு அந்த நியாயம் கிடையாது. அது அடைத்து வைத்திருப்பது எட்டுகளை. எட்டு ஜோடி வைத்திருப்பவர் பெரிய தொகை எதையும் கொடுக்கப் போவதில்லை. "செட் விழுந்தால் பதுங்கு" என்று ஒரே வரியில் கற்றுக்கொடுப்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதே இல்லை.

ஹார்ட் சீட்டுகளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 430 வைத்தால் இனத்துக்குக் காத்திருப்பவர் 2,160 பாட்டுக்காக 430 தருகிறார். அவருக்குத் தேவை 20 சதவீத வாய்ப்பு. அடுத்த சீட்டிலேயே ஒன்பது சீட்டுகளில் ஒன்று விழ 19 சதவீதம். கிட்டத்தட்ட சரிசமம், பின்னால் 39,000 சிப்கள் காத்திருப்பதைச் சேர்த்தால் அவருக்கே இலாபம். 1,000 வைத்தால் தேவை 30 சதவீதமாக ஏறும். அவர் அப்போதும் வருவார், ஆனால் விலை கொடுத்து வருவார். டர்னில் ஹார்ட் விழுந்துவிட்டாலும் நம்மவர் மடிய வேண்டியதில்லை; ரிவரில் பலகை ஜோடியாகவோ நான்காவது எட்டாகவோ பத்துச் சீட்டுகள் அவரைக் காப்பாற்றும்.

ஆகவே என் தீர்ப்பு: ஃபிளாப்பில் 1,000 முதல் 1,300 வரை. கணக்கு கேட்கும் 1,920-ஐ முதல் சுற்றிலேயே வைத்தால், ராஜா-பத்து போன்ற கைகள் மிரண்டுவிடலாம். டர்னில் பாட்டைத் தாண்ட இடம் இருக்கும்போது அவசரம் தேவையில்லை. ஒரு நிபந்தனை மட்டும்: இதே அளவில் ஹார்ட் டிராக்களையும் (இன்னொரு ஹார்ட்டுக்குக் காத்திருக்கும் கைகளையும்) ஏழு-ஆறையும் நம்மவர் வைக்கும் பழக்கம் இருக்க வேண்டும். செட் வந்தால் மட்டும் 1,000, மற்றபடி 430 என்று ஆடினால் இரண்டு மணி நேரத்தில் மேசை முழுவதும் அதைப் படித்துவிடும். லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் 10,000 டாலர் முதன்மைப் போட்டி 60,000 சிப்களுடனும் இரண்டு மணி நேர நிலைகளுடனும் ஆடப்படுகிறது. அப்படிப்பட்ட போட்டியில் ஒரே முகங்களோடு பல மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

டர்னில் போட்ட செக்

பெரிய இழப்பு இங்கேதான். ஸ்பேடு இரண்டு யாருக்கும் எதையும் தரவில்லை. ஃபிளாப்பில் கால் செய்த ராஜா ஒவ்வொன்றும் அப்படியே நிற்கிறது. டிராக்கள் அனைத்தும் விலை கொடுக்க இன்னும் தயாராக இருக்கின்றன. ரிவர் முடிந்துவிட்டால் டிராக்கள் ஒரு சிப்கூடத் தராது. டிராக்களிடமிருந்து வசூலிக்க இருக்கும் கடைசி வாய்ப்பு டர்ன்தான். செக் செய்த பிறகு 2,160 பாட்டில் 39,070 மிச்சம். ஒரே சுற்றில் அதை உள்ளே கொண்டுவர பாட்டைப் போல 18 மடங்கு வைக்க வேண்டும்.

பதுங்கல் என்று இதற்குப் பெயர் சூட்டுவார்கள். பதுங்கலுக்கு இடம் உண்டு: எதிராளி வெறுங்கையோடு துணிந்து அடிப்பவராக இருந்தால், பலகை வறண்டிருந்தால், நாமே அவர் சீட்டுகளை அடைத்து வைத்திருந்தால். இங்கே மூன்றில் ஒன்றும் இல்லை. எதிராளி பிக் பிளைண்டில் கால் செய்தவர், ஃபிளாப்பிலும் கால் செய்தவர். கால் செய்பவரிடம் காசு வாங்கப் பந்தயம் வைப்பதைத் தவிர வேறு வழி என்ன இருக்கிறது?

ஃபிளாப்பில் 1,000 வைத்திருந்தால் டர்னில் பாட் 3,300. அங்கே 3,800, பாட்டைச் சற்றுத் தாண்டி. ராஜா-ஏழு, ராஜா-ஆறு கிளம்பிவிடும், ராஜா-ஒன்பது தயங்கும், ராஜா-ஜாக்கியும் அதற்கு மேற்பட்டவையும் நிற்கும். நல்ல டிராக்களும் நிற்கும். பாட் 10,900, மீதி 34,700.

ரிவரில் எவ்வளவு

டைமண்ட் ராணி விழுந்தபின் பலகையில் வரிசைக்கு வழியில்லை, ஐந்து சீட்டு ஒரே இனமும் இல்லை. நம்மவரை வெல்ல ராஜா ஜோடியோ ராணி ஜோடியோ வேண்டும். இரண்டும் ஃபிளாப்புக்கு முன் மறு உயர்த்தலுக்குப் போயிருக்கும் கைகள். நடைமுறையில் நம்மவர் கைதான் உச்சம். கேள்வி தொகையைப் பற்றி மட்டுமே.

பணம் கொடுக்கக்கூடியவற்றை மறுபடி எண்ணுவோம். ராஜா-ராணி இப்போது ஒன்பது சேர்க்கைகள், ராஜா-ஐந்து மூன்று, ஐந்துகளின் செட் மூன்று: வலுவானவை பதினைந்து. ராஜா-ஜாக்கி பன்னிரண்டு, ராஜா-பத்து பன்னிரண்டு, ராஜா-ஒன்பது மூன்று: ஒற்றை ஜோடிகள் இருபத்தேழு. தவறிப்போன டிராக்கள் எந்தத் தொகைக்கும் மடியும் என்பதால் ஒப்பீட்டில் அவற்றுக்கு வேலையில்லை.

7,000 வைத்தால் நாற்பத்திரண்டும் கால் செய்யும் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம்; 42 × 7,000 = 2,94,000. 14,000 வைத்தால் வலுவான பதினைந்தும், ஒற்றை ஜோடிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பதின்மூன்றும் வந்தால் 28 × 14,000 = 3,92,000. மீதி 34,700-ஐயும் தள்ளி, வலுவான பதினைந்து மட்டும் வந்தால் 5,20,500. ஒற்றை ஜோடி அத்தனையும் ஓடிவிட்டன. இருந்தும் இதுவே மிகப் பெரிய எண். பாட்டைப் போல மூன்று மடங்குக்கு மேல் தள்ளுவது கோமாளித்தனம் என்று தோன்றும் இடத்தில் கணக்கு வேறு மாதிரி பேசுகிறது.

ஆனால் பதினைந்தும் வருமா என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது. பன்னிரண்டு வந்தாலும் மொத்தத்தையும் தள்ளும் ஆல்-இன் முந்துகிறது. பதினொன்று, பத்து, ஒன்பது என்றால் 14,000 மேலானது. ஆனாலும் 7,000-ஐ விட ஆல்-இன்னே மேல். ராஜா-ராணி வைத்திருப்பவர் "இவ்வளவு பெரிய தொகையை வெறுங்கையில் யாரும் தள்ள மாட்டார்கள்" என்று நம்புகிறவராக இருந்தால் ஒன்பது சேர்க்கைகள் ஒரேயடியாகப் போய்விடும். எச்சரிக்கையாக ஆடுபவர்கள் நிறைந்த மேசையில் நான் 14,000-ஐத் தேர்ந்தெடுப்பேன். தவறிய ஹார்ட்களை வைத்துத் தள்ளுகிறவர் என்று பெயர் எடுத்தவர் கொஞ்சமும் யோசிக்காமல் மொத்தத்தையும் தள்ளலாம். 14,000-க்கு ராஜா-ராணி கால் செய்திருந்தால் மொத்த வரவு 19,300. நடந்ததைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு.

நடந்த ஆட்டத்திலும் ஒரு கடைசி வாய்ப்பு மீந்திருந்தது. எதிராளி ரிவரில் தானாக 1,000 வைத்தார். டர்னில் செக் செய்த நம்மவரிடம் ஏதுமில்லை என்று நினைத்து வைத்த தொகை அது. இரண்டு ஜோடி அப்போதுதான் அமைந்திருக்கிறது. அங்கே 3,000 மிகவும் பணிவான எண். 9,000 என்று உயர்த்தியிருந்தால், கால் ஆவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே போதும், 3,000-ஐ முழுவதும் வாங்கியதற்குச் சமம்; மடிந்தாலும் அவர் வைத்த 1,000 நம்மவருக்கே.

எந்தக் கை வலுவான கை

இதே பலகையில் நம்மவரிடம் எட்டுகளுக்குப் பதிலாக ஏஸ்-ராஜா இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 40 பிக் பிளைண்டில் ஏஸ்-ராஜா மகிழ்ச்சியோடு மொத்தமும் போடும் கை. 200-இல் எதிராளி மூன்று சுற்றும் பெரிய தொகைக்கு வந்து, இறுதியில் எல்லாவற்றையும் போட்டால், எட்டுகளின் செட் மூன்று, ஐந்துகளின் செட் மூன்று, அவற்றோடு இரண்டு ஜோடிகள் என்று முன்னால் இருப்பவையே பெரும்பாலும் அங்கே இருக்கும். ஒற்றை ஜோடிக்கு இரண்டு சுற்று வசூல் நியாயமான இலக்கு; மூன்றாவதைச் சிறிதாகவோ செக்காகவோ முடிக்கலாம். ஒரே இனத்து ஐந்து சீட்டுகளில் சிறியது, பலகையில் வரிசை முடிந்துவிட்ட நிலையில் கீழ் செட் போன்றவற்றுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும்.

இருக்கைகள் மாறி, எட்டுகள் பிக் பிளைண்டில் இருந்திருந்தால் செக்-ரெய்ஸ்தான் வழி. கட்-ஆஃப் 430 வைக்க, 1,800-க்கு உயர்த்தி, அது கால் ஆனால் பாட் 4,900. வெறும் கால் செய்திருந்தால் 2,160. ஒரு உயர்த்தல் ஏறக்குறைய ஒரு கூடுதல் சுற்றுக்குச் சமம். முதலில் செயல்பட வேண்டியவர் கால் செய்துவிட்டு டர்னில் எதிராளி மறுபடி வைப்பார் என்று காத்திருந்தால், நம்மவர் செய்ததைப் போல அவரும் செக் செய்துவிட்டுப் போகலாம்.

பரிசு நெருங்கும்போது

முதல் நிலையில் ஒரு சிப்பை இழப்பதும் ஒரு சிப்பைப் பெறுவதும் ஏறக்குறைய சமம். பரிசுப் பட்டியலின் விளிம்பில் அப்படி இல்லை. வெளியேறுவதன் விலை, ஸ்டாக் இரட்டிப்பாவதன் இலாபத்தைவிட அதிகம்; ஐசிஎம் என்ற கணக்கு முறை அளப்பது இதைத்தான். முழு பாட் பந்தயத்துக்குக் கால் செய்ய மூன்றில் ஒரு பங்கு வெற்றி வாய்ப்பு போதும் என்று பாட் கணக்கு சொன்னாலும், அங்கே எதிராளிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். அதனால் ராஜா-ராணி வைத்திருப்பவர் ஆல்-இன்னுக்கு மடிவது அவருக்கே சரியான ஆட்டமாகிவிடலாம். நடுத்தர ஸ்டாக் வைத்திருப்பவர்களிடம் இது மிக அதிகம். நம்மைவிட நிறைய வைத்திருப்பவர் தோற்றாலும் வெளியேறமாட்டார் என்பதால் அவரிடம் பழைய கணக்கே ஓரளவு செல்லும். நடுத்தரக்காரருக்கு எதிரே இதே செட் வந்தால், அவர் கையில் மரியாதையான ஒரு ஸ்டாக்கை மிச்சம் வைக்கும் தொகையைத் தேர்ந்தெடுக்கலாம். கால் செய்து தோற்றாலும் போட்டியில் இருப்போம் என்று தெரிந்தால் ராஜா-ராணி மட்டுமல்ல, சில ராஜா-ஜாக்கிகளும் வரும்.